வள்ளத்தோடு ஆளைக் கட்டுவது கோழைத்தனமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் உங்கள் வாசகர் பக்கத்தில் வவுனியாவிலிருந்து ஒரு ஐயா எழுதியிருந்த கடிதத்துக்குப் பதில் இது. திருகோணமலையில் வந்து நிற்கும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகளைப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார். அதில் இரண்டு விஷயம். அது காசு கூடியவர்களின் பொழுதுபோக்கு, அதைப் போய் வீரப் பயணம் என்று பத்திரிகையில் போடுகிறீர்களே என்பது ஒன்று. மற்றது, அந்தப் படகுகளில் இருப்பவர்கள் நெஞ்சில் பட்டி பூட்டி அதைப் படகோடு கொழுவிக்கொண்டு நடக்கிறார்களாம், நம்முடைய பிள்ளைகளுக்குக் கடல் இரத்தத்திலேயே இருக்கிறதாம், அன்னபூரணி என்கிற பாய்க்கப்பலில் அமெரிக்காவுக்குப் போனவர்கள் பட்டி கட்டிக்கொண்டா போனார்கள் என்று ஒரு கேள்வியும்.

முதல் விஷயத்துக்கு நான் சண்டைக்கு வரவில்லை. காசு இல்லாமல் யாரும் அப்படி ஒரு படகு வைத்திருக்க முடியாது, சரி. ஆனால் பொழுதுபோக்கு என்கிற இடத்தில் ஐயாவைக் கொஞ்சம் மறித்துப் பேசவேண்டும், ஏனென்றால் அவர் அந்தப் படகுகளை நங்கூரம் போட்டு, உடுப்புக் காயப்போட்டு, ஆட்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில்தான் பார்த்திருக்கிறார். நான் அப்படி ஒன்றில் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்தவன். இரண்டாவது விஷயம் ஆட்களின் உயிரோடு சம்பந்தப்பட்டது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இடமில்லை என்றால் நடுவில் எங்கேயாவது வெட்டுங்கள், கடைசிப் பகுதியில் மட்டும் கைவைக்காதீர்கள்.

நான் முல்லைத்தீவு சிலாவத்தை ஆள். சின்ன வயதில் கரைவலை இழுத்து, பிறகு மாமாவின் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போய், அதற்குப் பிறகு மலேசியாவுக்கு வேலைக்குப் போனவன். லங்காவியில் படகு திருத்தும் முற்றம் ஒன்றில் அடிப்பக்கத்தைச் சுரண்டிப் பெயின்ற் அடிக்கிற வேலை. அங்கே ஒரு ஒல்லாந்துக்காரத் தம்பதியின் படகு ஏற்றி வைத்திருந்தது. இரண்டு பேருக்கும் எழுபதுக்குக் கிட்ட வயது. திருகோணமலைக்குப் போகிறோம், மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், எனக்கும் ஊருக்கு வரவேண்டி இருந்தது. கப்டன் அந்த அம்மாதான். அவருடைய மனிசன் சமையலும் எஞ்சினும். இதைக் கேட்டு ஊரில் சிரித்தவர்கள் உண்டு, சிரிக்கட்டும்.

படகு 36 அடி, இரும்பு உடம்பு. முல்லைத்தீவு–வவுனியா பஸ் ஒன்றின் நீளம்தான், அகலம் கொஞ்சம் கூட. அதற்குள் மூன்று பேர் படுக்க இடம், சமையல் மூலை, கக்கூசு, எஞ்சின், டீசல், தண்ணீர்த் தொட்டி, மாற்றுப் பாய்கள், சாப்பாட்டுச் சாமான் எல்லாம். ஒருவர் முன்னுக்குப் போகவேண்டும் என்றால் மற்றவர் இருக்கவேண்டும். அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு கீல் என்கிற பாகம் இருக்கிறது, அதற்குள் ஈயம். படகின் மொத்தப் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட அந்த ஈயம்தான் என்றார்கள். அலை புரட்டிப் போட்டாலும் திரும்ப நிமிர்வதற்கு அது. நம்முடைய போட்டுகளுக்கு அப்படி ஒன்று கிடையாது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்பட்டது ஜனவரியில். முல்லைத்தீவுக் கரையில் போட்டை இழுத்து மணலில் ஏற்றிவைக்கிற காலம், வடகிழக்கு வாடைக்காற்று முகத்தில் அடிக்கிற காலம். கிழக்கிலிருந்து மேற்கே வருகிற பாய்ப்படகுக்கு அதே வாடைதான் உதவி, வலப்பக்கமும் பின்பக்கமுமாக விழுந்து தள்ளிக்கொண்டு வரும். நொவெம்பர், டிசம்பரில் அவர்களும் அசைய மாட்டார்கள், அது புயல் மாதம். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை நாங்கள் மறக்கவில்லை, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல் வன்னிக்கு மேலாலும் போனது என்பதைக் கிழவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். லங்காவியிலிருந்து திருகோணமலைக்கு 1,100 கடல் மைலுக்கு மேல். நல்ல காற்றில் ஒரு நாளைக்கு 120, 130 கடல் மைல் ஓடும். மணிக்குப் பத்துக் கிலோமீற்றர்தான். அந்த வேகத்தில் இரவு பகலாக, நிற்காமல்.

சுமாத்திராவின் வடக்கு முனை தாண்டும்வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மலாக்கா நீரிணைக்குள் போகிற வருகிற கப்பல்களுக்கு விலகிக்கொண்டு வந்ததுதான் வேலை. பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே வெளியே வந்ததும் விரிகுடாவின் முழு வாடையும் கிடைத்தது. மறிக்கிறதற்கு இடையில் கரை ஒன்றும் இல்லாமல் அந்தமான் பக்கத்திலிருந்து உருண்டு வருகிற அலை. அன்றைக்கு இரவே நான் சத்தி எடுத்தேன். போட்டில் போய்ப் பழகியவனுக்கு ஏன் தலைசுற்று என்று கேட்பீர்கள். திறந்த போட்டில் கண் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும், உடம்பு ஆடுவதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகும். மூடிய அறைக்குள் போனால் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஆடுகிறது என்று சொல்லும், எதிரே இருக்கிற சுவரும் சேர்ந்து ஆடுவதால் கண் ஆடவில்லை என்று சொல்லும், மூளை இரண்டுக்கும் நடுவில் குழம்பி வயிற்றைப் பிரட்டும். அதற்குரிய குளிசையைப் புறப்படுவதற்கு முதலே போடவேண்டும், தொடங்கின பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. அந்த அம்மா எனக்கு மருந்து தரவில்லை, சுக்கானைத் தந்தார். பிடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார் என்றார். கொஞ்ச நேரத்தில் சுகம் வந்தது, பிறகு இஞ்சித் தண்ணீர் உள்ளே இறங்கியது.

கொந்தளிப்பான கடலில் சின்னப் படகுக்குள் வாழ்க்கை எப்படி என்றால், எதையும் ஒரு கையால்தான் செய்யலாம். மற்றக் கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். கால்சட்டை போடுவதற்குக்கூடத் தரையில் இருக்கவேண்டும். சட்டை நனைந்தால் காயாது, ஏனென்றால் உடுப்பில் ஏறின உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வெயிலில் காய்ந்தது இரவு திரும்ப நசநசக்கும். அந்த ஈர உப்போடு மணிக்கணக்காக இருப்பதால் குண்டி முழுக்கக் கொப்புளம், இதை ஆசிரியர் வெட்டமாட்டார் என்று நம்புகிறேன், ஏனென்றால் இதுதான் உண்மையான கதை. நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், கழுவுவதெல்லாம் கடல் தண்ணீரில்.

முன்பக்கத்து அறை சும்மா கிடந்தது, அதில் யாரும் படுக்க முடியாது. அணியம், அதாவது படகின் மூக்கு, ஒவ்வொரு அலைக்கும் எழும்பி விழும்போது படுத்திருக்கிறவன் தூக்கி வீசப்படுவான். ஆட்டம் குறைந்த இடம் படகின் நடு, அங்கே இருக்கிற நீள இருக்கைகளில்தான் மாறி மாறிப் படுப்பது. உருண்டு விழாமல் இருக்கையின் ஓரத்தோடு ஒரு தடித்த துணியை இழுத்து மேலே கட்டிவிடுவார்கள். அதற்குள் கிடந்தால் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம், பாத்திரம் உருள்கிற சத்தம், எங்கேயோ ஒரு மரம் முனகுகிற சத்தம். ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகுதான் நித்திரை வரும். இரவில் மூன்று மணித்தியாலம் காவல், ஆறு மணித்தியாலம் ஓய்வு, மூன்று பேருக்கும் முறை. சுக்கானை எந்நேரமும் ஆள் பிடிப்பதில்லை, பின்பக்கம் ஒரு தட்டு நிற்கும், காற்று எந்தப் பக்கத்தால் வருகிறதோ அதைக்கொண்டு சுக்கானைத் தானே திருப்பும், மின்சாரம் வேண்டாம். காவலில் இருக்கிறவரின் வேலை கப்பல் வருகிறதா என்று பார்ப்பது, காற்று ஏறுகிறதா என்று பார்ப்பது, கயிறுகள் எங்கேயாவது உரசித் தேய்கின்றனவா என்று பார்ப்பது. முறை முடிந்தவர் படுத்தே ஆகவேண்டும். எனக்கு நித்திரை வரவில்லை, இருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன். அம்மாவுக்குக் கோபம் வந்தது. உனக்கு நித்திரை வருகிறதா என்று நான் கேட்கவில்லை, போய்க் கண்ணை மூடு, நாளைக்கு இரவு எனக்குத் தேவைப்படுகிற ஆள் நீ என்றார்.

பல நாள் கடலில் நின்று தொழில் செய்கிற நம்முடைய மல்ரிடே போட்டுகளில் எத்தனை பேர் இப்படி ஒழுங்காகப் படுக்கிறார்கள்? வலை இழுத்து முடித்துவிட்டு, கண் இரண்டும் சிவந்து, சுக்கானில் ஒருவர் ஆடி விழுகிற நேரத்தில்தான் அனேகமான சம்பவங்கள் நடக்கின்றன. அதைத் தொழிலில் இருக்கிற எவரிடமும் கேளுங்கள்.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த மனிசன் சமைத்ததைப் பார்த்த பிறகு எனக்கு அவர் மேல் ஒரு மரியாதை வந்தது. அடுப்பு இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும், படகு சரிந்தாலும் அது நேராக நிற்கும், சட்டியைச் சுற்றிப் பிடி போட்டிருக்கும். அவர் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டி, அது சமையல் மூலையோடு கொழுவியிருக்கும். அந்த வெக்கையிலும் மழைக் கால்சட்டை போட்டுக்கொண்டு சமைப்பார். சின்னப் படகில் கடும் காயம் என்றால் அது பெரும்பாலும் கொதிநீர் காலில் ஊற்றுவதுதானாம். சோறும் பருப்பும் ஒன்றாகப் போட்டு பிரஷர் குக்கரில், மூடி பூட்டுப்படுவதால் உருண்டாலும் கொட்டாது. தட்டில் சாப்பிட முடியாது, நாய்க்குச் சோறு வைக்கிற அடி அகன்ற ரப்பர்க் கிண்ணம் வாங்கி வைத்திருந்தார்கள், அதில்தான் கப்டனும் சாப்பிட்டார். நான் லங்காவியிலேயே செய்து போத்தலில் அடைத்துக்கொண்டு வந்த கருவாட்டுச் சம்பலை ஒருநாள் திறந்தேன். மனிசனுக்கு மணம் பிடித்தது, அம்மா வெளியே போய் இருந்துகொண்டார்.

காற்று ஏறினது ஒரு இரவு. பகலெல்லாம் 20 நொட், அதாவது மணிக்கு 20 கடல் மைல் அளவில் அடித்தது, பொழுதுபடுகிறபோது அம்மா பாயை ஒரு மடிப்புக் குறைக்கச் சொன்னார். எனக்கு அது தேவையில்லாத வேலையாகப் பட்டது, படகு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. குறைக்கலாமோ என்று மனதில் எண்ணம் வருகிற நேரம்தான் குறைக்கிற நேரம், அதற்குப் பிறகு குறைக்கப் போனால் ஆள் போகும் என்பது அவருடைய சட்டம். காரணமும் சொன்னார். காற்று 20 நொட்டிலிருந்து 30 ஆனால் பாயில் விழுகிற பாரம் ஒன்றரை மடங்கு இல்லை, இரண்டேகால் மடங்கு. நள்ளிரவுக்குப் பிறகு அது 30 ஐத் தாண்டியது, மழையோடு விட்டு விட்டு 35, 40 என்று அடித்தது. இருட்டில் அலை கண்ணுக்குத் தெரியாது, பின்னால் இரைந்துகொண்டு வருகிறதைக் காது கேட்கும், பிறகு படகின் பின்பக்கம் மேலே எழும்பும், ஒரு நொடி ஒன்றும் நடக்காது, பிறகு கீழே ஓடும். ஒரு அலை மட்டும் பக்கத்தால் வந்து உடைந்து, பின்பக்கத்தில் நாங்கள் இருந்து படகை ஓட்டுகிற திறந்த குழியை நிறைத்தது. தண்ணீர் நெஞ்சளவு. நான் இருந்த இடத்தில் இல்லை, படகின் மற்றப் பக்கத்துக் கம்பியில் மோதி நின்றேன், நின்றதற்குக் காரணம் ஐயா கிண்டலடித்த அந்தப் பட்டி. கீழே தண்ணீர் இறங்காமல் இருந்ததற்குக் காரணம் வாசலில் பலகை போட்டுப் பூட்டியிருந்தது. குழியில் இருந்த தண்ணீர் ஓட்டைகளால் வடிந்துபோனது, அவ்வளவுதான். அம்மா மூன்று பேரின் பேரையும் சத்தமாகக் கூப்பிட்டார், தன்னுடைய பேரையும் சேர்த்து.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நம்முடைய ஆட்களுக்குச் சொல்ல ஆசை, எஞ்சின் போட்டுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும். ஓட்டத்தை நிறுத்தினார். பெரிய பாயைக் கடைசி மடிப்புவரை சுருக்கி, சின்ன முன்பாயைக் காற்றடிக்கிற பக்கத்துக்கு இழுத்துக் கட்டி, சுக்கானையும் ஒரு பக்கமாகக் கட்டிவிட்டார். முன்பாய் படகைக் காற்றிலிருந்து விலக்கப் பார்க்கும், சுக்கான் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும், இரண்டும் இழுபட்டுப் படகு ஓடாமல் மெதுவாகப் பக்கவாட்டில் வழுகிக்கொண்டு நிற்கும். வழுகுகிற படகு காற்றடிக்கிற பக்கத்தில் ஒரு குழம்பின தண்ணீர்ப் பட்டையை விட்டுக்கொண்டு போகும், வருகிற அலை அதில் ஏறி உடைகிற வேகம் குறையும். ஐந்து நிமிடத்துக்குள் படகு வேறு படகாகிவிட்டது. அதே காற்று, அதே கடல், உள்ளே தேத்தண்ணி ஊற்றலாம் போல இருந்தது. ஒருவர் காவல், இரண்டு பேர் நித்திரை. விடியும்வரை அப்படியே கிடந்தோம். எங்கேயும் போய்ச் சேராமல் கடலில் சும்மா நிற்பதும் ஒரு வேலை என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இனி ஐயாவின் பொழுதுபோக்குக்கு வருகிறேன். விரும்பித்தான் போகிறார்கள், யாரும் துரத்தவில்லை, அது உண்மை. அதே கடலை விரும்பாமல் கடந்தவர்களையும் நாங்கள் கண்டோம். 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்காலுக்கு நேரே வந்து நின்ற படகில் குழந்தைகளும் பெண்களுமாக நூறுக்கு மேற்பட்ட ரோகிங்யா மக்கள் இருந்தார்கள், வாடைக்காலத்தில், எனக்கு இருந்த பட்டியும் பலகையும் முறை நித்திரையும் ஒன்றும் இல்லாமல். அதைப் பார்த்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பாய்ப்படகுக்காரரை வீரர் என்று எழுதவேண்டாம் என்று ஐயா சொன்னால் நான் அதற்குக் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் அவர்கள் செய்கிற காரியத்தில் நமக்குப் படிக்க ஒன்றுமில்லை என்றால் அங்கேதான் பிரச்சினை.

இரத்தத்தில் கடல் இருக்கிறது என்கிறார். அபிலாஷ் டோமியை விடவா? இந்தியக் கடற்படைக்காரர், 2012–13 இல் தனி ஆளாக, எங்கேயும் நிற்காமல் உலகத்தைச் சுற்றியவர். 2018 செப்டெம்பரில், தனியாக உலகம் சுற்றும் போட்டி ஒன்றில், தென் இந்து சமுத்திரத்தில் புயலில் மாட்டி, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு அடிபட்டு, அசைய முடியாமல் தன்னுடைய சின்னப் படகுக்குள் கிடந்தார். மூன்று நாளுக்குப் பிறகு ஒரு பிரெஞ்சுக் கப்பல் போய்த் தூக்கியது. அவருக்கு அனுபவமா குறைவு? அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது அவர் படகில் இடம் காட்டும் கருவியும் செய்தி அனுப்புகிற கருவியும் இருந்ததால். பிறகு அதே போட்டிக்குத் திரும்பப் போய் 2023 இல் இரண்டாவதாக வந்தார், அது வேறு கதை.

1979 இல் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையில் நடந்த ஃபாஸ்ட்நெற் ஓட்டப் போட்டியில் 303 பாய்ப்படகுகள் புறப்பட்டன, நடுவில் புயல் பிடித்தது, போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டுப் போன படகுகள் 24. அதில் மூழ்கினவை ஐந்துதான், மற்றவை பிறகு மிதந்தபடி கண்டெடுக்கப்பட்டன. படகை விட்டு உயிர்காப்பு மிதவைக்கு மாறினவர்களில் சிலர் இறந்துபோனார்கள், விட்ட படகு மிதந்துகொண்டிருந்தது. பட்டி அறுந்து போனவர்களும் உண்டு, அதற்குப் பிறகுதான் பட்டி எவ்வளவு பாரம் தாங்கவேண்டும் என்று இறுக்கமான தரம் வந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சவுத்தாம்ரன் பல்கலைக்கழகத்தில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். படகு நீளத்தின் முப்பது வீத உயரத்தில் ஒரு அலை பக்கத்தால் வந்து உடைந்தால் அதுவே சில படகுகளைப் புரட்டப் போதும் என்று கண்டார்கள். அது கீலில் ஈயம் உள்ள பாய்ப்படகுக்கு. நம்முடைய 23 அடி போட்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஏழு அடி வரும், ஈயமும் இல்லை, கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான்.

வானொலியில் அலை 2.5 மீற்றர் என்று சொன்னால் அதற்கு மேல் வராது என்று நம்முடைய பெடியள் நினைக்கிறார்கள். அந்த எண் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அதே கடலில் இடைக்கிடை அதில் இரண்டு மடங்குக்குக் கிட்ட ஒன்று வரும். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அன்னபூரணிக்கு வருவோம். வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தில் கட்டின கப்பல், 89 அடி, 1938 இல் நம்முடைய ஆட்கள் ஓட்டிக்கொண்டு போய் மசாசுசெற்ஸ் மாநிலத்து குளோஸ்ரர் துறைமுகத்தில் விட்டார்கள். தமிழன் எவனுக்கும் நெஞ்சு நிமிர்கிற கதை, எனக்கும்தான். ஆனால் அவர்கள் பாயைச் சுருக்காமல், முறை வைத்துப் படுக்காமல், கயிறு தேய்வதைப் பார்க்காமல் அத்திலாந்திக்கைத் தாண்டினார்கள் என்று யாராவது நினைத்தால், தண்டயல் (கப்பல் தலைவர்) ஒருவரின் கீழ் ஒருநாள் வேலை செய்து பார்க்காதவர்தான் அப்படி நினைப்பார். இன்னொன்று, அதை வாங்கின அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன் யார்? 32 அடிப் பாய்ப்படகில் உலகம் சுற்றிவந்தவர். ஐயா பொழுதுபோக்கு என்கிற அதே ஆட்களில் ஒருவர்தான் வல்வெட்டித்துறைக் கட்டுமானத்தின் அருமை தெரிந்து காசு கொடுத்து வாங்கினார்.

வெட்டவேண்டாம் என்று நான் கேட்ட பகுதி இதுதான்.

முல்லைத்தீவுக் கரையில், கொக்கிளாயிலிருந்து சாலை என்கிற ஊர் வரைக்கும், ஃபைபர் போட்டில் போகிற பிள்ளைகளுக்குப் பாய்ப்படகின் பட்டியும் கொழுக்கியும் அப்படியே பொருந்தாது, வலை இழுக்கிற இடத்தில் நீளக் கயிறு காலில் சிக்கும், அது எனக்குத் தெரியும். அவர்களிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது. எஞ்சின் வாங்கும்போது கூடவே சிவப்பு நிறத்தில் சுருள் சுருளாக ஒரு சின்னக் கயிறு வரும். ஒரு முனை எஞ்சினை நிறுத்துகிற பொத்தானில் மாட்டும், மற்ற முனை ஓட்டுகிறவரின் கையிலோ இடுப்பிலோ. ஆள் விழுந்தால் கயிறு இழுபடும், எஞ்சின் நிற்கும். நம்முடைய கரையில் நடந்துபோய்ப் பாருங்கள், அந்தக் கயிறு எஞ்சினிலேயே சுற்றிக் கட்டியிருக்கும், இல்லாவிட்டால் தொலைந்துபோய் அந்த இடத்தில் ஒரு நைலோன் துண்டு செருகியிருக்கும். கையில் மாட்டியிருக்கிற ஒருவரைக் காண்பது அருமை. மாட்டினால் பகிடி பண்ணுவார்கள்.

கணக்குப் பாருங்கள். நாங்கள் வந்த படகு ஆறு நொட்டில் போனால் ஒரு நிமிடத்தில் 185 மீற்றர். விழுந்தவரின் தலை இரண்டு மீற்றர் அலைக்குள் அவ்வளவு தூரத்தில் தெரியாது. ஃபைபர் போட்டு 15 நொட்டில் போனால் ஒரு நிமிடத்தில் 460 மீற்றருக்கு மேல். தனியாகப் போனவர் விழுந்தால் போட்டு அவரை விட்டுவிட்டுப் போய்விடும். அதைவிட மோசம், கைவிட்ட எஞ்சின் ஒரு பக்கம் திரும்பி நின்றுகொள்ளும், போட்டு வட்டமடித்துத் திரும்ப அவருக்கு மேலேயே வரும், சுழல்கிற விசிறியோடு. விழுவதற்குப் பெரிய அலைகூடத் தேவையில்லை. பாய்ப்படகில் ஆண்களும் உள்ளே போய் இருந்துதான் மூத்திரம் பெய்யவேண்டும், இரவில் ஓரத்தில் நிற்கக்கூடாது, அது கப்டனின் கட்டளை. கடலில் எடுக்கிற ஆம்பிளைப் பிணங்களில் பாதிக்கு ஸிப் திறந்திருக்கும் என்று அவர்களுக்குள் ஒரு பகிடி உண்டு, பகிடிதான், ஆனால் அம்மா அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

லைஃப் ஜக்கெட்டைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, அது வீட்டுக்குள் ஆணியில் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். இழுவைப்படகைப் பற்றியும் வெளிமாவட்டத்துப் படகுகளைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள், எழுதவேண்டியதுதான், அந்த வழக்குகள் ஒருபக்கம் போகட்டும். இந்தக் கயிறுக்கு அமைச்சரும் வேண்டாம், மகஜரும் வேண்டாம்.

எங்களுடைய கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் கேட்பது இவ்வளவுதான். போட்டு இறக்குவதற்கு முதல் ஒரு அரைநாள் கரையில் ஆட்களைக் கூட்டுங்கள். ஒவ்வொரு எஞ்சினிலும் கயிறு இருக்கிறதா, இழுத்தால் எஞ்சின் நிற்கிறதா என்று அங்கேயே ஓடவிட்டுப் பார்க்கலாம். பழைய எஞ்சின் சிலதில் பொத்தான் உப்புப் பிடித்து இறுகியிருக்கும், அதைத் திருத்துகிற ஆட்கள் நம்முடைய முல்லைத்தீவுச் சந்தையிலேயே இருக்கிறார்கள். மல்ரிடே போட்டுக்காரர் நித்திரை முறையை ஒரு மட்டையில் எழுதிச் சுக்கான் அறையில் ஒட்டட்டும். மார்ச் வரைக்கும் திருகோணமலையில் பாய்ப்படகுகள் நிற்கும், கேட்டால் வந்து பெடியளுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள், மொழிக்கு நான் வருகிறேன். வவுனியா ஐயாவும் வரலாம், கூட்டிக்கொண்டு போக நான் ஆயத்தம், தேத்தண்ணி அவர்கள் தருவார்கள்.

ஆசிரியர் அவர்களே, சிவப்புக் கயிறு சரியாக மாட்டியிருக்கிற எஞ்சின் ஒன்றையும், சுற்றிக் கட்டியிருக்கிற எஞ்சின் ஒன்றையும் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். முகம் தெரியாதபடிதான் எடுத்தேன். வாடை முடிவதற்கு முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் நல்லது, கறுப்பு வெள்ளையில் போடாதீர்கள், கயிறு தெரியாது.

இப்படிக்கு,
சிலாவத்தை வாசகன்,
முல்லைத்தீவு.